மண்ணில் தங்கிய மருந்து: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"அக்கா, கரையான் மருந்து ஊத்தி ரெண்டு மாசமாச்சு. இன்னும் மண்ணுல வாடை வருது. உங்க நுண்ணுயிர் எல்லாம் லீவுல போயிடுச்சா?"

கீழ்வீட்டுத் தம்பி ஒரு க்ரோ பேக்கை அணைத்துக்கொண்டு மாடியேறி வந்து கேட்ட கேள்வி இது. பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் மட்டும் ஏழெட்டு மாடிகளில் தோட்டம் உண்டு. நான் முன்பு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் என்பதால், யார் வீட்டு மண் மக்கர் பண்ணினாலும் பஞ்சாயத்து என்னிடம்தான் வரும். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லிச் சலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

மண்ணில் விழுந்த மருந்தைத் தின்று உடைப்பது அங்கே வாழும் நுண்ணுயிர்கள்தான் என்று நான் அடிக்கடி சொல்வேன்; தம்பி குத்திக்காட்டியது அதைத்தான். நுண்ணுயிருக்கு லீவு கிடையாது. ஒரு சிட்டிகை நல்ல மண்ணிலேயே கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கும், கூடவே பூஞ்சைகள். மருந்து உடையவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. அவற்றுக்குத் தண்ணீரோ காற்றோ தீனியோ பற்றவில்லை. அல்லது மருந்து அவை எட்ட முடியாதபடி எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அல்லது நீங்கள் போட்டது யாராலும் தின்ன முடியாத பொருள். எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

எதற்கும் முன்னால்: டப்பாவைத் தேடுங்கள்

கடைக்காரர் சொன்ன பெயர் உதவாது. லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் தொழில்நுட்பப் பெயர்தான் வேண்டும். டப்பாவைத் தூக்கிப் போட்டிருந்தால் மருந்து அடித்த ஆளுக்குப் போன் செய்து கேளுங்கள். பெயர் தெரியாமல் செய்யும் வைத்தியம் எல்லாம் குருட்டாம்போக்கு.

ஏனென்றால் ஒவ்வொன்றின் ஆயுளும் வேறு. 2,4-டி என்ற களைக்கொல்லி ஈரமும் உயிரும் உள்ள மண்ணில் பத்து நாள் வாக்கில் பாதியாகிவிடும். குளோர்பைரிபாஸ் பாதியாக ஒன்றிரண்டு மாதம் முதல் நான்கு மாதம் வரை ஆகலாம். கரையானுக்கென்று கெட்டியாக ஊற்றியிருந்தால் வருடத்தையும் தாண்டும். இமிடாகுளோபிரிட் ஆறு மாதத்துக்கு மேலும் உட்கார்ந்திருக்கும். பழைய டி.டி.டி.க்கு வருடக்கணக்கு. இதில் பலர் கோட்டை விடுவது எங்கே என்றால், பாதியாவதையே தீர்ந்துபோவதாக நினைத்துக்கொள்கிறார்கள். 60 நாளில் பாதியாகும் மருந்து 180 நாள் கழித்தும் எட்டில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். கீழ்வீட்டுத் தம்பியுடையது குளோர்பைரிபாஸ். இரண்டு மாதத்தில் எதிர்பார்த்ததே அவசரம்தான். ஆனால் அவர் பையில் வேறு கோளாறும் இருந்தது.

அறிகுறி: வாரங்கள் ஆகியும் மருந்து வாடை போகவில்லை

முதலில் ஒன்று. மூக்கை முழுக்க நம்பாதீர்கள். பால் போலக் கலக்கும் மருந்துகளில் வாடையில் ஒரு பகுதி, மருந்தைக் கரைக்கச் சேர்த்த எண்ணெய் மாதிரியான கரைப்பானுடையது. அது பறந்துபோய் வாடை நின்றாலும் மருந்து இருக்கலாம். ஆகவே வாடை நின்றதும் கீரை விதைக்கக் கிளம்பாதீர்கள். ஆனால் வாடை நிற்கவே இல்லை என்றால் மண்ணுக்குள் ஏதோ சரியில்லை என்பது நிச்சயம்.

கையுறை போட்டுக்கொண்டு நாலு விரல்கடை ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து அமுக்குங்கள். உருண்டையாகப் பிடித்து, தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். பிடிக்கவே இல்லை என்றால் காய்ந்துவிட்டது.

தம்பியின் பையைச் செய்தித்தாளில் கவிழ்த்தேன். மேலே ஒரு விரல்கடை கறுப்பாக, ஈரமாக. அதற்குக் கீழே வெளிறிய பழுப்பு நிறத்தில் கோகோபீட் என்ற தேங்காய் நார்க்கழிவுத் தூள், ஊதினால் பறக்கும் தூளாக. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சத்தியம் செய்தார், பொய்யில்லை. ஒரு முறை எலும்பாகக் காய்ந்த கோகோபீட் தண்ணீரை ஏற்காது. ஊற்றுவதெல்லாம் பையின் ஓரமாக வழுக்கி அடித்துளை வழியே போய்விடும். பாக்டீரியா, மண் துகளைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் வாழ்வது. படலம் இல்லையென்றால் அது சாகாவிட்டாலும் சுருண்டு தூங்கும். மருந்தும் கரைந்து அதன் பக்கத்தில் வந்து சேராது. பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூர் மொட்டைமாடியில் இதுதான் முக்கால்வாசிப் பேரின் பிரச்சினை.

சாதாரணத் தொட்டி என்றால் பக்கெட்டில் முக்கி எடுக்கச் சொல்வேன். மருந்து உள்ளதை முக்காதீர்கள். மருந்துத் தண்ணீர் ஒரு பக்கெட் சேரும், அதை எங்கே கொட்டுவீர்கள்? பிளாஸ்டிக் விரிப்பில் மண்ணைப் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, புரட்டி, மறுபடி தெளித்து, அரை மணி நேரம் மூடி வைத்துப் பிறகு பையில் நிரப்புங்கள்.

புரட்டும்போதே நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு நன்றாக மக்கிய உரம் சேருங்கள். எதற்கு என்றால், மருந்தையே உணவாக உண்டு பெருகும் நுண்ணுயிர் சில உண்டு; ஆனால் பல நுண்ணுயிர்கள் வேறெதையோ சாப்பிடும்போது சுரக்கும் நொதி, போகிற போக்கில் மருந்தையும் உடைத்துவிடுகிறது. அந்த இரண்டாவது வகைக்கு மருந்தால் ஒரு லாபமும் இல்லை. வழக்கமான சாப்பாடு போட்டால்தான் அது வேலை செய்யும். அதற்காக உரத்தை அள்ளிக் கொட்டவும் கூடாது. மட்கு, மருந்தைப் பசை போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். செடிக்கும் புழுவுக்கும் அதனால் கெடுதல் குறையும், ஆனால் உடைவதும் தாமதமாகும். இரண்டுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும்.

மார்கழியில் ஊற்றியிருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். இங்கே அப்போது இரவில் 15 டிகிரி வாக்கில் இறங்கிவிடும். தோராயமாக, பத்து டிகிரி குறைந்தால் நுண்ணுயிரின் வேகம் பாதியாகும். சென்னையில் இருக்கும் தங்கை வீட்டுத் தொட்டியோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள்.

அறிகுறி: மண் அழுகிய முட்டை போல நாறுகிறது

காற்று இல்லை. அடித்துளை அடைத்திருக்கும், அல்லது அடித்தட்டில் தண்ணீர் நிற்கும். மருந்தை உடைக்கும் பல நொதிகளுக்கு முதல் படியிலேயே ஆக்சிஜன் தேவை. துளையைக் குச்சியால் குத்தித் திறந்து, தட்டை எடுத்துவிட்டு, உமியோ பெருமணலோ கலந்து மண்ணைத் தளர்த்துங்கள். ஒரு வாரத்தில் நாற்றம் மாறி, முதல் மழை மண்வாசனை போல வந்தால் சரியாகிறது என்று பொருள். அந்த வாசனையே மண்ணில் உள்ள ஆக்டினோமைசீட் வகைப் பாக்டீரியா தருவதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. டி.டி.டி. போன்ற குளோரின் ஏறிய சில பழைய மருந்துகளில் முதல் குளோரினைக் கழற்றும் வேலை காற்றில்லாத சேற்றில்தான் சுலபமாக நடக்கும். ஆனால் அது உங்கள் ரோஜாத் தொட்டிக்குப் பொருந்தாது.

அறிகுறி: விதை முளைக்கவில்லை, அல்லது முளைத்த இலை முறுக்கிக்கொள்கிறது

களைக்கொல்லியைச் சந்தேகியுங்கள். நீங்கள் அடிக்காவிட்டாலும் வைக்கோல், சாணம், வெளியிலிருந்து வாங்கிய உரம் வழியாக வரலாம். இங்கிலாந்தில் 2008இல் வீட்டுத் தோட்டக்காரர்கள் பலரின் தக்காளியும் பீன்ஸும் திருகிக்கொண்டு நின்றன. மேய்ச்சல் நிலத்தில் அடித்த அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி, புல்லில் தங்கி, மாட்டின் வயிற்றையும் தாண்டி, எருக்குழியிலும் உடையாமல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. மக்கவைத்தால் எல்லாம் போய்விடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன்.

சோதிக்க லேப் வேண்டாம், பீன்ஸ் விதை போதும். சந்தேக மண்ணில் இரண்டு தொட்டி, நல்ல மண்ணில் இரண்டு தொட்டி, ஒவ்வொன்றிலும் நாலு விதை. எல்லாம் ஒரே வெயிலில், ஒரே அளவு தண்ணீரில் இருக்க வேண்டும். ஒன்றின் வடிநீர் இன்னொன்றில் படக் கூடாது. மூன்று வாரம் பாருங்கள். முதல் ஜோடி இலையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அடுத்து வரும் மூவிலைதான் காட்டிக்கொடுக்கும். கிண்ணம் போலக் குவிந்து, நரம்புகள் நெருங்கி, நுனி பாம்புப்படம் போல வளைந்திருந்தால் களைக்கொல்லி. இலை சரியாக இருந்து வெறுமனே மஞ்சளாக இருந்தால் சத்துக் குறைவு, அது வேறு கதை.

களைக்கொல்லி கிளைபோசேட் என்றால் கணக்கு வேறு. அது செம்மண்ணின் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளில் பாஸ்பேட் மாதிரியே இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே நிலத்தில் அடித்தால் வேருக்கு அதிகம் எட்டாது, நுண்ணுயிர் மெல்ல மெல்ல உடைக்கும். கோகோபீட்டில் அந்த இரும்பு இல்லை, பிடிப்பும் இல்லை. இன்னொன்று: ஒட்டியிருக்கும் மண்ணில் சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டால், பாஸ்பேட் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு கிளைபோசேட்டை வெளியே தள்ளலாம். மண் தேறவில்லையே என்று உரம் போட்டுப் போட்டு நிலைமையை மோசமாக்குவது இப்படித்தான்.

அறிகுறி: போன வருஷம் கேட்ட மருந்து இந்த வருஷம் கேட்கவில்லை

எனக்கு மிகவும் பிடித்த பிழை இதுதான். இதுவரை சொன்னதெல்லாம் நுண்ணுயிர் தின்னவில்லை என்ற புகார். இது, அவை அளவுக்கு மீறித் தின்கின்றன என்ற புகார்.

ஆனேக்கல் பக்கம் நிலம் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி போடும் கிருஷ்ணகிரிக்கார அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். வேரில் முடிச்சு விழும் நூற்புழுவுக்கு ஒவ்வொரு போகமும் அதே குருணை மருந்தைப் போட்டு வந்தார். முதலில் சில வருடம் நன்றாகக் கேட்டது. பிறகு ஒரு மாதத்திலேயே முடிச்சு. அளவை இரட்டிப்பாக்கினார், இன்னும் சீக்கிரம் முடிச்சு. "கம்பெனிக்காரன் கலப்படம் பண்றான்" என்பது அவர் முடிவு.

கலப்படமும் இருக்கலாம், புழு மருந்துக்குப் பழகியிருக்கலாம், மண் மருந்தைத் தின்றிருக்கலாம். பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. வயல் மண்ணில் நாலு தொட்டி. அதே நிலத்து வரப்போரம், மருந்தே படாத தரிசு மண்ணில் நாலு தொட்டி. இரண்டிலும் முடிச்சு விழுந்த வேரை நறுக்கிச் சம அளவு கலந்து, லேபிளில் சொன்ன அளவு மருந்து போட்டு, ஒரே நாற்றை நட்டு, 45 நாள் கழித்துப் பிடுங்கிப் பாருங்கள். இரண்டிலும் முடிச்சு இருந்தால் மருந்திலோ புழுவிலோ கோளாறு. தரிசு மண்ணில் வேர் சுத்தமாக இருந்து, வயல் மண்ணில் மட்டும் முடிச்சு இருந்தால், மண்தான் தின்கிறது. அண்ணனின் தரிசு மண் நாற்று வேர் நூல் நூலாக வெள்ளையாக வந்தது. வயல் மண் நாற்று வேர், இஞ்சிக் கொத்து மாதிரி.

இது புதிதல்ல. இங்கிலாந்தில் ஆடஸ் என்ற தாவரவியலாளர் 1949இல், 2,4-டி கரைசலை மண் வழியே திரும்பத் திரும்ப வடியவிட்டுப் பார்த்தார். முதல் முறை சில நாட்கள் ஒன்றும் நடக்காமல் இருந்து, பிறகு மடமடவென்று மறைந்தது. அடுத்த முறை ஊற்றியபோது அந்தக் காத்திருப்பே இல்லை. மண் பழகிவிட்டது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், டயாசினான் என்ற பூச்சிமருந்தைத் தொடர்ந்து வாங்கிய நெல்வயலிலிருந்து, அதை உடைக்கும் ஒரு பாக்டீரியாவைச் சேதுநாதனும் யோஷிடாவும் பிரித்தெடுத்து 1973இல் வெளியிட்டார்கள். அது பாரத்தியான் என்ற இன்னொரு பூச்சிமருந்தையும் உடைத்தது. சேதுநாதன் பிறகு கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்திலும் இதே துறையில் நெடுநாள் உழைத்தவர்.

மருந்தை உடைக்கும் நொதிக்கான மரபணு பாக்டீரியாவின் முக்கிய டி.என்.ஏ.வில் இல்லை. பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுக்குக் குழம்புப் பாத்திரம் கைமாறுவது போல ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது பிளாஸ்மிட். அமெரிக்காவில் கிடைத்த வேறொரு இனப் பாக்டீரியாவிலும் கிட்டத்தட்ட அதே மரபணு இருந்தது. ஆக, நீங்கள் ஒரே மருந்தை வருடக்கணக்காகப் போடும்போது அதைத் தின்னத் தெரிந்தவர்களுக்கு நீங்களே பந்தி வைக்கிறீர்கள். அளவைக் கூட்டுவது இலையில் இன்னொரு கரண்டி போடுவதுதான்.

தீர்வு: அந்த மருந்தையும் அதே குடும்பத்து மருந்துகளையும் சில போகங்களுக்கு நிறுத்துங்கள். பெயர் வேறாக இருந்தாலும் குடும்பம் ஒன்றென்றால் பழகிய மண் அதையும் தின்னும். அண்ணன் ஒரு போகம் தக்காளியை விட்டுவிட்டுச் செண்டுமல்லி போட்டார். அதன் வேரில் நூற்புழுவுக்கு ஆகாத பொருள் உண்டு, பூவுக்கு ஆயுதபூஜை சமயத்தில் விலையும் உண்டு.

அறிகுறி: செடி நன்றாக இருக்கிறது, மண்புழு மட்டும் தங்க மாட்டேன் என்கிறது

பழைய ஐஸ்கிரீம் டப்பாவின் நடுவே ஓர் அட்டை. ஒரு பக்கம் சந்தேக மண், மறுபக்கம் நல்ல மண், இரண்டும் ஒரே ஈரத்தில். அட்டையை உருவிவிட்டு, நடுக்கோட்டில் பத்துப் புழுக்களை விட்டு, துளையிட்ட மூடியால் மூடி, 48 மணி நேரம் கழித்து மறுபடி அட்டையைச் செருகி எண்ணுங்கள். எட்டுக்கு மேல் நல்ல மண் பக்கம் போயிருந்தால் புழு சொல்வதைக் கேளுங்கள். இது நான் கண்டுபிடித்ததல்ல, ஆய்வகங்களில் முறைப்படி செய்யும் சோதனையின் வீட்டுப் பிரதி.

காரணம் இரண்டு இருக்கலாம். ஒன்று, மருந்து பாதி உடைந்து நிற்பது. குளோர்பைரிபாஸ் உடைந்தால் வரும் ஒரு துண்டு நுண்ணுயிருக்கே ஆகாது; அது சேரச்சேர, உடைக்க வந்தவை ஒதுங்கிவிடும். எண்டோசல்பானை மண்ணில் உள்ள நுண்ணுயிர் எண்டோசல்பான் சல்பேட்டாக மாற்றும், அது தாய்ப்பொருளைப் போலவே நஞ்சு. மறைந்துவிட்டது என்று லேப் தாள் சொல்லும்போது, எதுவாக மாறியது என்றும் கேட்க வேண்டும். இதற்கு ஈரம், காற்று, மட்கு, காலம் தவிர வேறு மருந்தில்லை. அதுவரை கீரை, முள்ளங்கி, கேரட் வேண்டாம். கனகாம்பரமோ சாமந்தியோ வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, செம்பு. ரோஜாவின் நுனிக்கருகலுக்கு மாதாமாதம் காப்பர் ஆக்சிகுளோரைடு அடிக்கிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். குடகுக் காப்பித் தோட்டங்களில், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை தலைமுறை தலைமுறையாகப் புழங்குகிறது. செம்பு ஒரு தனிமம். உலகத்து நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து வந்தாலும் அதை உடைக்க முடியாது. அடித்ததெல்லாம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். மட்கு சேர்த்தால் ஓரளவு கட்டிப்போடலாம், மண் புளித்திருந்தால் சுண்ணாம்பும் உதவும். தொட்டி என்றால், மண்ணையே மாற்றிவிடுவது உத்தமம்.

அறிகுறி: பாட்டில் நுண்ணுயிர் ஊற்றியும் ஒன்றும் ஆகவில்லை

ஆகாது. ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா நுண்ணுயிர்க் கூட்டு நல்ல பொருள்தான், ஆனால் அது தழைச்சத்து, மணிச்சத்து, துத்தநாகம் இவற்றைச் செடிக்குக் கிடைக்கச் செய்ய வந்தது. மருந்தை உடைக்கும் வேலைக்கு வந்ததல்ல. உடைக்கும் என்று சொல்லி விற்பவையும் பெரும்பாலும் ஏமாற்றும்: வெளியூர்ப் பாக்டீரியாவை உள்ளூர்க் கூட்டம் தீனிக்குப் போட்டியிட்டு ஒடுக்கும், மீதியைப் புரோட்டோசோவா என்ற ஒற்றைச்செல் உயிரிகள் விழுங்கும். சாணமும் வெல்லமும் கரைத்துப் புளிக்கவைத்த ஜீவாமிர்தம் ஊற்றுவதானால் ஊற்றுங்கள், அதில் தீனியும் ஈரமும் இருக்கிறது. ஆனால் காய்ந்த கோகோபீட்டில் ஊற்றினால் அதுவும் ஓரமாக வழுக்கித்தான் போகும்.

சித்திரை வெயிலில் மண்ணைப் பிளாஸ்டிக் போர்த்திச் "சுத்தம்" செய்த கையோடு மருந்தும் ஊற்றியிருந்தால், உடைக்க வேண்டிய ஆட்களில் பாதியை நீங்களே அனுப்பிவிட்டீர்கள். ஒரு கை நல்ல மக்கிய உரம் கலந்து, அவர்கள் திரும்பிவரச் சில வாரம் கொடுங்கள்.

அறிகுறி: மாடியில் ஒரே ஒரு மூலையில் எதுவும் வளரவில்லை

ஸ்பிரேயரை எங்கே கழுவுகிறீர்கள்? அந்த மூலைதான். சிறு சிறு துளியாக அடித்ததை மண் சமாளித்துவிடும். கழுவித் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் கொட்டுவதைச் சமாளிக்காது. மழைநீர்க் குழாயில் ஊற்றுவது அதைவிட மோசம், அது ஏரிக்குத்தான் போகும்.

சுவீடனில் 1993இல் விவசாயிகளுக்காக ஒரு குழி முறை வந்தது. பாதி வைக்கோல், கால் பங்கு பீட் (சதுப்பு நிலத்து மட்கு), கால் பங்கு மேல்மண் கலந்து, மேலே புல் வளர்த்து, மருந்துத் தண்ணீரை அதில் விடுவது. வைக்கோலின் மரச்சத்தை உடைக்கும் வெள்ளைப் பூஞ்சைகள், அதே நொதியால் மருந்தையும் உடைக்கின்றன. நான் இதையே அடியில் துளையில்லாத பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் வைத்திருக்கிறேன். பீட்டுக்குப் பதில் ஊறவைத்த கோகோபீட், வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டது. கலந்து ஒரு மாதத்துக்கு மேல் ஈரமாக ஊறவிட்ட பிறகுதான் கழுவிய தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தேன். கிளறினால் வைக்கோலில் பஞ்சு போல வெள்ளை இழை ஓடியிருக்கும். மழை படாமல் மேலே தகரம், பிழிந்த துணி அளவு ஈரம், ஒரு நேரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றுவதில்லை. வைக்கோல் மக்கி மட்டம் இறங்கும்போது புதிதாகச் சேர்க்க வேண்டும்.

தொட்டியின் மேல் "இது சாப்பிட அல்ல" என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். நீங்களும் ஒட்டிவிடுங்கள். நான் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில், வேலைக்கு வரும் அம்மா நல்ல மண்ணாயிற்றே என்று அதில் கொத்தமல்லி தூவி வைத்திருந்தார். முளைப்பு என்னவோ பிரமாதம்.